காஞ்சிப் பட்டும் கூகிள் ஆட்டோக்காரரும்

நெசவாளர்களைக் கூட்டிவைத்து யார் பேசினாலும் இப்போதெல்லாம் கடைசியில் ஒரு வசனம் வந்துவிடுகிறது. "இனிமே எல்லாம் ஆன்லைன்தாங்க. கையில ஒரு செல்போன் இருந்தாப் போதும், உலகமே உங்க கடை!" கைதட்டல். பேசியவர் போர்த்திய சால்வையோடு காரேறிப் போய்விடுவார். கேட்டவர் வீட்டுக்குப் போய்க் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்துவிடுவார். அவர் பிள்ளை அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வாலாஜாபாத்தைத் தாண்டியிருக்கும்.

இந்த வசனத்தை முழுப் பொய் என்று தள்ள முடியாது. பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை வருடமாகச் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் காஞ்சிப் பட்டு விற்கிறது, அதுவும் பிரமாதமாக விற்கிறது. அதை நெய்தவரிடமிருந்து விற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஊர் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், அப்புறம் இடது பக்கம் திரும்பினால் காஞ்சிபுரம். வண்டலூர் வழியாகப் போனால் ஒரகடம், வாலாஜாபாத், அய்யம்பேட்டை, மறுபடியும் காஞ்சிபுரம். இரண்டு சாலையிலும் வரிசையாகத் தொழிற்சாலைகள். ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் கதவைச் சாத்திவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், 2012இல் டைம்லர் லாரி. இன்றைக்கு பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோர்க்கிறார்கள். பிள்ளையார்பாளையத்திலும் அய்யம்பேட்டையிலும் தறி வைத்திருந்த வீடுகளிலிருந்து இங்கெல்லாம் ஆள் போவது ரொம்பப் பழைய செய்தி. மாதச் சம்பளம், பி.எஃப்., வீட்டு வாசல் வரை பஸ். போகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. (சொகுசு வேலை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஹாஸ்டல் சாப்பாடு கெட்டுப்போன விவகாரத்தில் 2021 டிசம்பரில் பெண் தொழிலாளர்கள் அந்த நெடுஞ்சாலையையே மறித்தார்கள்.)

ஆக, அந்தச் சாலையோரத்தில் கோர்த்த போன் ஒன்று பெங்களூரிலோ டொராண்டோவிலோ ஒருவர் கையில் இருக்கிறது. வீட்டில் கல்யாணம். அவர் அதில் 'காஞ்சிபுரம் பட்டுச் சேலை' என்று தட்டுகிறார். என்ன வருகிறது?

முதலில் விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்று எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். அடுத்து சென்னையின் பெரிய ஜவுளிக்கடைகள். அடுத்து ஆன்லைன் சந்தைகள், அவற்றில் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே 'காஞ்சிபுரம்' சேலை கொட்டிக் கிடக்கும். ஆயிரம் ரூபாய்க்குக் காஞ்சிப் பட்டு கிடையாது. அந்தப் பணத்துக்குச் சேலைக்கு வேண்டிய பட்டு நூலே தேறாது, சரிகை எங்கே! தலைப்பை முழுசாகப் படித்தால் 'ஸ்டைல்', 'செமி', 'ஆர்ட் சில்க்' என்று எங்காவது ஒரு வார்த்தை ஒளிந்துகொண்டிருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. இதையெல்லாம் தாண்டி நாலாவது, ஐந்தாவது பக்கத்துக்குப் போனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்ணில் படலாம். அத்தனை தூரம் யார் போகிறார்கள்?

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களுக்கு இது புது அனுபவமே இல்லை. காலைக் கீழே வைத்தவுடன் ஓர் ஆட்டோ அண்ணன் வருவார். "கோயிலா சார்? அப்படியே பட்டும் பாத்துரலாம், நேரா நெசவாளி வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்." அவர் கூட்டிக்கொண்டு போவது தனக்குக் கமிஷன் தரும் கடைக்கு. வாசலில் ஷோவுக்கு ஒரு தறி நிற்கும், உள்ளே குளிர்சாதன ஹால். கமிஷன் சேலை விலையில் ஏறியிருக்கும். இது ஊருக்கே தெரிந்த ரகசியம். கூகிள் விளம்பரமும் இதே ஆட்டோ அண்ணன்தான். என்ன, இவர் காக்கிச் சட்டை போடுவதில்லை, சவாரிக்குக் காசு கேட்பதில்லை. பஸ் ஸ்டாண்டு அண்ணனிடம் "வேணாம்ணா, சங்கக் கடைக்குப் போங்க" என்று சொல்லி இறங்கிக்கொள்ள முடியும். இவரிடம் முடியாது. ஆட்டோவில் ஏறியதே வாடிக்கையாளருக்குத் தெரியாது.

"நெசவாளியும் விளம்பரம் கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேடல் விளம்பரம் என்பது ஏலம். ஒருவர் ஒரு முறை சொடுக்கினால் இத்தனை ரூபாய் தருகிறேன் என்று கடைகள் போட்டி போடும். ஒரு பேச்சுக்குச் சொடுக்குக்குப் பத்து ரூபாய், இருநூறு பேர் வந்தால் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு சேலைக்கு இரண்டாயிரம் ரூபாய் விளம்பரத்துக்கே போய்விடும். பெரிய கடைக்கு அது பத்தாயிரம் சேலைகளின் வரவுசெலவில் கரைந்துவிடும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை உட்கார்ந்து நெய்கிற குடும்பத்துக்கு அது கூலியிலிருந்துதான் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் பேசுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. இணையத்தில் ஒரு பொருள் மேலே வரவேண்டுமானால் அந்தப் பக்கம் நாள்பட நிலைத்து நிற்க வேண்டும், நாலு பேர் வாங்க வேண்டும், நட்சத்திரம் போட வேண்டும், நல்லதாக ரெண்டு வரி எழுத வேண்டும். ஒரே மாதிரி ஆயிரம் சேலை அடிக்கிற விசைத்தறிக்காரருக்கு இது நடக்கும். கைத்தறிச் சேலையோ ஒன்றே ஒன்று. நல்ல சேலை போட்ட அன்றைக்கே விற்றுப்போகும். விற்றதும் அந்தப் பக்கம் செத்துப்போகும். அடுத்த சேலை புது நிறம், புது முந்தானை, புதுப் பக்கம், மறுபடி பூஜ்யத்திலிருந்து. சரக்கு எவ்வளவு ஒசத்தியோ அவ்வளவுக்கு அது தேடலில் பின்னால் நிற்கும். இப்படி ஓர் இயந்திரத்தை ஏற்பாடு செய்துவிட்டு, நெசவாளிக்கு 'டிஜிட்டல் அறிவு' போதவில்லை என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

அடிப்படையான விஷயம் இன்னும் பாக்கி. பெரும்பாலான நெசவாளிகளுக்கு அந்தச் சேலையே சொந்தமில்லை! பாவு, பட்டு, சரிகை எல்லாவற்றையும் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுப்பார்கள். நெய்து கொடுத்தால் கூலி. பட்டு விலையும் வெள்ளி விலையும் இருக்கிற இருப்பில் சொந்தமாகப் போட்டு நெய்து, விற்கும்வரை காத்திருக்கிற சக்தி மிகச் சிலருக்குத்தான் உண்டு. சேலையே தன்னுடையது இல்லாதவரிடம் "ஆன்லைனில் கடை போடு" என்பது, ஐபோன் கோர்க்கும் பெண்ணிடம் "நீயே ஒரு போன் கடை வைத்துக்கொள்ளேன்" என்று சொல்வது மாதிரி.

சரி, அந்த மிகச் சிலரில் ஒருவர் துணிந்து இறங்குகிறார். அடுத்து ஜி.எஸ்.டி. நேரில் விற்கிற சின்ன வியாபாரிக்கு இத்தனை லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று விலக்கு உண்டு. ஆனால் 2017இலிருந்து ஆன்லைன் சந்தை வழியாகப் பொருள் விற்றால் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தினார்கள், அதுவும் சொந்த மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். அதாவது பதிவில்லாத காஞ்சி நெசவாளியின் ஆன்லைன் கடைக்கு ஓசூரில் கதவு அடைக்கப்படும். பெங்களூர்க்காரருக்கு ஒரு சேலை அனுப்ப வேண்டுமா, பதிவு செய், ஆடிட்டரைப் பிடி, காலாகாலத்துக்கு ரிட்டர்ன் கட்டு. உலகமே உங்க கடை :-)

இதெல்லாம் சின்ன வியாபாரத்தின் பொதுவான தொல்லை என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். எந்தச் சின்னக் கைவினைக்காரருக்கும் இதே கதிதான், காஞ்சிபுரத்துக்கு மட்டும் என்ன? சரியான கேள்வி. கைவேலைக்கென்றே 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி தளத்தில்கூட இதே கூத்து நடந்தது. முதலில் கையால் செய்தவை மட்டும். 2013இல் தயாரிப்பை வெளி ஆட்களிடம் கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2022இல் விற்பனைக் கட்டணம் 5 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியபோது ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆக, இது உலகப் பொது நோய்தான். ஆனால் காஞ்சிபுரத்திடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. பெயர். வாடிக்கையாளர் தேடுவதே அந்தப் பெயரைத்தான். அதைச் சட்டப்படி பதிவும் செய்தாகிவிட்டது. பிறகும் அந்தப் பெயர் ஏன் ஏலத்தில் விடப்படுகிறது?

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்று அனுமதி பெற்றவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. பொய்யாகப் பயன்படுத்தினால் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் எழுதியிருக்கிறது. தவிர, 1985ஆம் வருடத்துக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம், அதில் சேலையும் உண்டு, 1993இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்று சொன்னது. அமலாக்கத்துக்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் விசைத்தறிக் கொட்டகையைச் சோதிக்கப் போவார்கள். தேடல் பக்கத்தைச் சோதிக்கப் போவதில்லை. இன்றைக்குக் கொட்டகை அங்கேதான் இருக்கிறது.

முத்திரைகளாவது உதவுகின்றனவா? 2004இல் வந்த சில்க் மார்க், துணி அசல் பட்டு என்று மட்டும் சொல்லும். கையால் நெய்ததா, எந்த ஊரில் நெய்தது என்று சொல்லாது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்லும், காஞ்சிபுரமா என்று சொல்லாது. ஊரைச் சொல்வது புவிசார் குறியீடு ஒன்றுதான். ஆன்லைன் கடைகள் எதைப் பெரிதாகப் போடுகின்றன? சில்க் மார்க்கை. அதில் பொய்யே கிடையாது. விசைத்தறியில் எங்கேயோ நெய்த அசல் பட்டுச் சேலைக்கும் அது கிடைக்கும். மேலே 'காஞ்சிபுரம்' என்று தலைப்பு, பக்கத்திலேயே அரசாங்க முத்திரை. பார்ப்பவர் இரண்டையும் தானாகவே சேர்த்துப் படித்துக்கொள்வார்.

இதில் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 வேறு. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று ஆன்லைன் கடையில் காட்ட வேண்டும். எந்த ஊரில் என்று கேட்கவில்லை. 'இந்தியா' என்று போட்டால் விதி திருப்தியாகிவிடும். காஞ்சிபுரம் இந்தியாவில்தானே இருக்கிறது, தப்பென்ன?

இங்கே ஒரு வயிற்றெரிச்சல். ஒரகடத்தில் ஒரு கார் பாகத்தை எடுத்துப் பார்த்தால் அதில் எண் இருக்கும். எந்தத் தேதி, எந்த லாட், எந்த சப்ளையர் என்று பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போகலாம். பத்து ரூபாய் போல்ட்டுக்குக்கூடப் பிறந்த ஊர் தெரியும். நாலு பாகத்தில் கோளாறு என்றால் எந்தெந்த வண்டியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால், முப்பதாயிரம் ரூபாய்ச் சேலைக்குப் பிறந்த ஊரை நிரூபிக்க வழியில்லை என்று கையை விரிக்கிறார்கள். தொழில்நுட்பம் இல்லையா? அந்த வீட்டுப் பிள்ளையே ஷிப்டில் நின்று அந்த எண்களைத்தானே ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறது!

விசைத்தறிமேல் கோபப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணூறு ரூபாய்ச் சேலைக்கு ஆள் இருக்கிறார்கள், அதை நெய்கிறவருக்கும் வயிறு இருக்கிறது. தாராளமாக விற்கட்டும், வேறு பெயரில் விற்கட்டும். ஆரணிப் பட்டுக்கும் தர்மவரம் பட்டுக்கும் சொந்தமாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. எங்கே நெய்த பட்டானாலும் 'காஞ்சிபுரம்' என்று போட்டால்தான் தேடலில் மாட்டும் என்ற நிலைமையில், அந்த ஊர்க்காரர்களின் பெயரும் சேர்ந்தே காணாமல் போகிறது. காஞ்சி நெசவாளிக்கு மட்டுமான நஷ்டம் இல்லை இது.

இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் சிலர் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எப்படி? உறவுக்காரர் கல்யாணத்தில் ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்து "எங்கே எடுத்தது?" என்று கேட்டு, வாட்ஸப்பில் ஒரு நம்பர் கை மாறி, அங்கிருந்து தறியிலேயே இருக்கிற சேலையின் படம் வந்து. இது பழைய வாய்வழிதான், போன் வேகத்தில். இன்னொரு வழி வார்த்தை. 'காஞ்சிபுரம் பட்டு' என்று தேடுகிறவர் விளம்பரதாரரிடம் போய் விழுகிறார். 'கோர்வை' என்று தேடுகிறவர் நெசவாளிக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் போய்ச் சேர்கிறார். கோர்வை என்றால் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், மூன்று நாடா போட்டு, ஒவ்வொரு ஊடை இழையையும் கரையின் விளிம்பில் ஒன்றோடொன்று பின்னிக் கோர்ப்பது. பக்கத்தில் நாடா வாங்கிக் கொடுக்க இன்னோர் ஆள் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பையனோ. (அந்தப் பையன்தான் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டான். கோர்வைத் தறி குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.) சேலையைப் புரட்டிப் பார்த்தால் அந்த இணைப்பு தெரியும். விசைத்தறியில் இதை இப்படியே செய்வது கஷ்டம். கோர்வை இல்லாத நல்ல காஞ்சிச் சேலையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு சொல் தெரிந்தவரிடம் உதார் விட விற்பவர் கொஞ்சம் யோசிப்பார்.

ஆகவே பயிற்சி வகுப்பு வேண்டியது நெசவாளிக்கு இல்லை, வாங்குகிறவருக்கு. நெசவாளி போட்டோ எடுக்கப் பழகவில்லை, ஆங்கிலத்தில் வர்ணிக்கத் தெரியவில்லை, ரீல்ஸ் போடவில்லை என்று புலம்புகிறவர்கள் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்துத் தீவுகளைப் பார்க்கலாம். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியை அங்கே இன்றைக்கும் வீட்டுத் தறியில், காலால் மிதித்துத்தான் நெய்கிறார்கள். ஆலை நூல் கொடுக்கும், நெசவாளி நெய்து கொடுப்பார், விற்பது பெரும்பாலும் ஆலையின் வேலை. நம்மூர்ச் சங்கம் மாதிரியேதான். வித்தியாசம் எங்கே என்றால், 1910இலேயே முத்திரையைப் பதிவு செய்தார்கள். 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அந்தத் தீவுகளில் வீட்டில் நெய்யாத துணிக்கு அந்தப் பெயர் கிடையாது, பெயரைக் காவல் காப்பதற்கென்றே ஓர் அமைப்பு சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே நெசவாளியை யாரும் "நீயே வெப்சைட் ஆரம்பி" என்று சொல்லவில்லை. பெயரைத் தேடி வருகிறவர் வேறு எங்கும் போய்விடாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே.

காஞ்சிபுரத்துக்கு இதைச் செய்யப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஆன்லைன் சந்தையில் வீட்டு முறுக்கு விற்க வேண்டுமானால் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எண் இல்லாவிட்டால் முறுக்கு கடைக்கு வராது. அதே மாதிரி, தலைப்பில் காஞ்சிபுரம், காஞ்சிவரம், காஞ்சிப் பட்டு என்று எந்த ரூபத்தில் அந்தப் பெயர் வந்தாலும் புவிசார் குறியீட்டின் அனுமதி எண்ணைக் கேட்கும் ஒரு கட்டம் திறக்கட்டும். எண் பொருந்தாவிட்டால் சேலை வேறு பெயரில் போகட்டும். தேடல் விளம்பரத்துக்கும் அதே கட்டம். ஒரு சின்ன நிரல் போதும், கல்லூரிப் பையன்கள் ஒரு வாரக் கடைசியில் எழுதிவிடுவார்கள். கைத்தறித் துறை அனுமதி பெற்றவர் பட்டியலை யாரும் படிக்கிற மாதிரி இணையத்தில் போட்டு, இந்தச் சந்தைகளுக்குச் சட்டப்படி ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். சந்தைக்காரர்கள் "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்று 2000ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைக் காட்டுவார்கள். முறுக்குக்கு மட்டும் இடைத்தரகராக இல்லாதவர்கள் சேலைக்கு எப்படி ஆனார்கள் என்று கேட்கலாம்.

அதுவரை கல்யாணச் சேலை எடுக்கிறவர்கள் சொடுக்குவதற்கு முன்னால் விற்பவருக்கு ஒரு வரி அனுப்பலாம்: எந்த ஊர்த் தறி, எந்தச் சங்கம் அல்லது யாருடைய அனுமதி எண், கோர்வையா இல்லையா? "பியூர் சில்க் மேடம், ஃப்ரீ ஷிப்பிங்" என்று மட்டும் பதில் வந்தால் ஆட்டோவை அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம்.